நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்

எட்டாம் வகுப்பில் நான் ஓட்டக்காரி இல்லை, பேச்சுக்காரி. நீண்ட தூர ஓட்டத்துக்குப் பள்ளிக்கு ஆறு பெண்கள் வேண்டும் என்றார்கள். எங்கள் பள்ளியில் ஐந்து பேர்தான் தேறினார்கள். எண்ணிக்கைக்காக உடற்பயிற்சி ஆசிரியை என்னையும் சேர்த்துக்கொண்டார்.

போட்டி ஐயம்பேட்டைப் பக்கம். அந்தத் தடத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் மாமாதான் காலையில் என்னைக் கொண்டுபோய் விட்டார். "பேசிக்கினே ஓடு. பேச்சு வரலன்னா வேகத்தக் கொறைச்சிக்கோ, மயக்கம் வராது" என்றார். மாமா பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியவர் இல்லை. ஆனாலும் எனக்கென்றே சொன்ன அறிவுரை போல இருந்தது.

நான்கு கிலோமீட்டர். மைதானத்தில் தொடங்கி, தெருவைக் கடந்து, ஏரிக்கரை மேல் ஏறி, வயலோரமாகத் திரும்பி வர வேண்டும். முதல் ஆறு பேருக்கு விளையாட்டு விடுதியில் இடம். விசில் ஊதியதும் ஐம்பது பெண்கள் பாய்ந்தார்கள். நான் பேச்சைத் தொடங்கினேன்.

முதலில் பக்கத்தில் வந்தவளிடம் எந்தப் பள்ளி என்று கேட்டேன். முறைத்துவிட்டுப் போய்விட்டாள். இன்னொருத்தி, "மூச்ச அடக்கிக்கினு இருக்கேன், பேசாத" என்றாள். அப்படிச் சொல்லவும் மூச்சு வேண்டும்தானே என்று யோசித்தபடியே ஏரிக்கரைக்கு வந்துவிட்டேன்.

அங்கே எனக்கு முன்னால் உயரமான பெண் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். முதுகில் நாற்பத்தொன்று என்று எண் குத்தியிருந்தது. பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"யாரக்கா தேடுறீங்க?"

"என் தங்கச்சிய. நாப்பத்திரண்டு. என்னவிட நல்லா ஓடுவா. இன்னிக்கின்னு பாத்து இன்னும் காணோம்."

எனக்கு வேறு வேலை இல்லை. நின்று நின்று ஓடினேன். சற்று நேரத்தில் நாற்பத்திரண்டு வந்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் முகத்தில் வேர்வைகூட இல்லை.

"உங்கக்கா உன்னத் தேடுது. உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்குது. வேணும்னேதான் மெதுவா வரேன்." அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா கோயிலாண்ட இட்லிக் கடை வெச்சிருக்குது. கூட ஒரு ஆள் இருந்தே ஆவணும். விடுதிக்கு ஒருத்தியத்தான் அனுப்புவேன்னு சொல்லிடுச்சி. அக்கா போவட்டும். கடையில புகை அதுக்கு ஒத்துக்காது, இருமிக்கினே இருக்கும். நீ சொல்லிடாதப்பா."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அன்று முழுவதும் நான் உண்மையிலேயே வேகமாக ஓடியது அதற்குப் பிறகுதான். மூச்சு இரைக்க நாற்பத்தொன்றைப் பிடித்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அவள் நின்றுவிட்டாள். அப்படியே கரையில் உட்கார்ந்து, "முள்ளு குத்திடுச்சி, நீ போ" என்றாள். அவள் காலில் புது ஷூ இருந்தது. அதைத் தாண்டி முள் எப்படிக் குத்தும் என்று பார்க்கக் குனிந்தேன். என்னைத் தள்ளிவிட்டாள்.

அதற்குள் தங்கையும் வந்து சேர்ந்தாள். என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ ஓடலன்னா இங்கயே உக்காந்துக்கினு இருப்பேன்" என்றாள் அக்கா. "ரெண்டு பேருக்கும் இல்லாம போவட்டும். பரவால்லயா?"

தங்கை பாதையைத் திரும்பிப் பார்த்தாள். முன்னால் போனவர்கள் கரையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். "அப்போ நீயும் வா" என்றாள் கடைசியில்.

இருவரும் புறப்பட்டார்கள். அப்படி ஓர் ஓட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வயலோரத்தில் ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டு போவது தூரத்திலிருந்தே தெரிந்தது. நான் மைதானத்துக்கு வந்தபோது சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. தங்கை ஐந்தாவது, அக்கா ஆறாவது என்றார்கள். கோட்டுக்கு ஓரடி முன்னால் அக்கா நின்று, தங்கையை முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாளாம்.

இருவர் கையிலும் விடுதியில் சேர்வதற்கான அட்டை கொடுத்தார்கள். அக்கா தன்னுடையதை உடனே நீட்டினாள்.

"சார், என் பேர எடுத்துடுங்க. அவ மட்டும் போவா."

"ஜெயிச்சுட்டு வேணாம்னா எப்படிம்மா?" என்றார் அட்டை கொடுத்த அதிகாரி.

"எடுத்துடுங்க சார்."

ஏழாவதாக வந்தவள் எங்கள் பள்ளிப் பெண். அந்த அட்டை அவளுக்குப் போனது. நாங்கள் ஆறு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். திரும்பி வரும்போது, எல்லாம் என்னால்தான் நடந்தது என்று மாமாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். மாமா முழுக்கதையையும் கேட்டார். பிள்ளையார்பாளையத்தில் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிடும்போது, "இத வேற யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

மறு வருடமும் எண்ணிக்கைக்காக என்னைச் சேர்த்தார்கள். விடுதியின் நீலச் சட்டையில் தங்கைக்காரி வந்திருந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள். விசில் ஊதியதும் ஓடிப்போய் அவளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். கேட்க எத்தனையோ இருந்தன. விடுதியில் என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், ஊருக்கு எப்போது விடுவார்கள்.

"உங்கக்கா எப்படி இருக்குது?" என்று தொடங்கினேன்.

திரும்பினாள். என்னை அடையாளம் கண்டுகொண்டது அவள் கண்ணில் தெரிந்தது.

"கடையில இருக்குது" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு கேள்விக்கும் இடம் கொடுக்காமல், இன்னும் முழுத்தூரமும் மீதியிருக்கும்போதே, கடைசி நூறு மீட்டரில் ஓடுவதுபோல ஓடிப்போனாள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விடுதியில் ரொம்ப நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.