பூசத்துக்கு எட்டு

1986-ஆம் வருடக் கோடை. மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தேன். அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு, படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன்.

முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதில் கல்யாணப் பொருத்தம் பார்த்துத் தரப்படும் என்று போர்டு மாட்டினார். புரோகிராம் எழுதியது கம்ப்யூட்டர் படித்த அவருடைய மகள். "அண்ணே, அதுக்குப் பேரெல்லாம் புரியாது. அஸ்வினி, பரணின்னு இருபத்தேழையும் வரிசையா எழுதிட்டேன். அதுவா ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் வச்சுக்கிரும். நீங்க நம்பரை மட்டும் தட்டுங்க" என்றாள்.

அஸ்வினி ஒன்று, பரணி இரண்டு என்று ரேவதி இருபத்தேழு வரை ஓர் அட்டையில் எழுதி ஒட்டிக்கொண்டேன். சரிதானா என்று அவளிடம் காட்டத் தோன்றியது. சின்னப் பெண்ணிடம் போய்க் கேட்பதா என்று கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

முதல் நாள் முதலில் வந்தவர்கள் சோழவந்தான் பக்கத்து விவசாயி ஒருவரும் அவர் மகளும். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப் போய்விட்டது. உள்ளூர் ஜோசியர்கள் இருவர் ஆளுக்கொன்று சொன்னதால் மெஷினிடம் கேட்க வந்திருந்தார்கள். பெண்ணுக்குப் பூசம், எட்டு. பையனுக்குக் கேட்டை, பதினெட்டு. தட்டினேன். எல்லாவற்றிலும் முக்கியமான ரஜ்ஜுப் பொருத்தமே இல்லை என்று தாள் வந்தது.

"மெஷினே சொல்லிருச்சு. இன்னிக்கே வேணாம்னு சொல்லி விட்டுருவோம்த்தா" என்று அப்பா எழுந்தார். அந்தப் பெண் தாளை மடித்து மடித்து விரல் அளவாக்கிவிட்டாள்.

அடுத்து வந்தவருக்கு ரேவதி. இருபத்தேழு தட்டினேன். அப்படி ஒரு நட்சத்திரமே இல்லை என்று கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. முதலாளி மகள் வந்து என் அட்டையைப் பார்த்துச் சிரித்தாள். "அய்யோ அண்ணே, இது பூஜ்ஜியத்துல இருந்துல்ல எண்ணும்! அஸ்வினி பூஜ்ஜியம், ரேவதி இருபத்தாறு."

முதலில் வந்தவர்களுக்குத் தட்டிய நம்பர்களை எண்ணிப் பார்த்தேன். பூசத்தை ஆயில்யமாகவும் கேட்டையை மூலமாகவும் அல்லவா அது பார்த்திருக்கிறது! அவசரமாக ஏழும் பதினேழும் தட்டினோம். ரஜ்ஜு இருந்தது.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். சோழவந்தான் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறிவிட்டேன், கூட்டத்தில் ஆள் தெரியவில்லை, பெயரும் கேட்டு வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்: "பூச நட்சத்திரப் பொண்ணு யாரும்மா?"

"அண்ணே, இது பஸ்ஸா, ஜோசியக் கடையா?" என்றார் கண்டக்டர்.

"எம் மருமகளும் பூசந்தேன். கூட்டிட்டுப் போறீகளா?" என்றார் ஓர் அம்மா. பஸ்ஸே சிரித்தது.

கடைசி சீட்டில் அந்தப் பெண் எழுந்து நின்றாள். "தப்பு என்னோடது! நம்பரை மாத்தித் தட்டிட்டேன். ரஜ்ஜு இருக்கு!" என்று அத்தனை பேர் முன்னாலும் உரக்கச் சொன்னேன்.

"இம்புட்டு நேரம் இல்லைன்னுட்டு, இப்ப இருக்குங்கிறீக. எதைய்யா நம்புறது?" என்றார் அப்பா. அதற்குள் மகள் கீழே இறங்கிவிட்டாள். "வாங்கப்பா, இன்னொருக்கா பார்ப்போம்."

ஆவணியில் கல்யாணம். "பஸ்ஸுல ஏறி எம் மகளைத் தேடுனவரு இவருதான்" என்று பந்தி முழுக்க என்னை அறிமுகப்படுத்தினார் அவர். அன்று தலை குனிந்தே சாப்பிட்டேன்.

கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் தெரியாததைக் கேட்க வாய் தயங்கும்போதெல்லாம், ஒருத்தரிடம் கேட்காததற்காக ஒரு பஸ்ஸையே கேட்க வேண்டி வந்ததை நினைத்துக்கொண்டு, கேட்டுவிடுகிறேன்.