ஸ்பெயார் டயருக்கு எடுத்த ஆரத்தி

இரண்டு வருடத்துக்கு முந்தைய வைகாசி. பொகவந்தலாவைக்கு மேலே, மலை உச்சியில் இருக்கிற ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் என் தம்பிக்குக் கல்யாணம். பத்தரைக்குள் தாலி கட்டிவிட வேண்டும் என்று ஐயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பத்து மணிக்கு நாங்கள் எங்கே இருந்தோம் தெரியுமா? கோயிலுக்குக் கீழே, செங்குத்தான ஏற்றத்தின் நடுவில், ஜீப்பு பின்னால் உருளாமல் இருக்க சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வீட்டுக்காரர் வாங்கிய டயர்.

அவரிடம் ஒரு பழைய ஜீப்பு இருக்கிறது. பஸ் போகாத தோட்டங்களுக்கு ஆள், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு ஓடுவார். வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மலை ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்ததிலிருந்து அவருக்குப் பெரிய டயர் மேல் ஒரு கண். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஹட்டனுக்குப் போனவர், இடுப்பளவு உயரத்துக்கு நாலு டயரை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். ஜீப்பு, அப்பாவின் சப்பாத்தைப் போட்டுக்கொண்ட சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

"மாப்பிள்ளை ஊர்வலம்னா சும்மாவா? பாரு, எப்படி நிக்குது!" என்றார்.

டயர் மாட்டிக் கொடுத்த மெக்கானிக் பாஸ், "இவ்வளவு பெருசு போட்டா அச்சுக்குள்ள இருக்கிற டிபரன்சல் கியரையும் மாத்தணும், இல்லாட்டி ஏத்தத்துல இழுக்காது" என்று சொன்னாராம். இவர், "நான் டயரைத்தானே மாத்துறேன், எஞ்சினை இல்லியே" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இதையெல்லாம் எங்களிடம் மூச்சுவிடவில்லை. வீட்டுக்கும் பஜாருக்கும் இடையில் தரை சமம் என்பதால் எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கல்யாணத்தன்று சொந்தக்காரர்கள் வேனைத் தேயிலை ஃபாக்டரி பக்கத்தில் நிறுத்திவிட்டுக் குறுக்குப் பாதையில் ஏறிப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நடக்க ஏலாது. அதனால் அம்மா, தம்பி, தாய்மாமா, நான், தாலித்தட்டு, சீர்த்தட்டுகள் எல்லாம் ஜீப்பில். பொனட் முழுக்கப் பூமாலை. முதல் இரண்டு வளைவையும் எப்படியோ ஏறினோம். மூன்றாவதில் எஞ்சின் உறுமியது, வண்டி முக்கியது, அப்புறம் நின்றேவிட்டது.

"என்ன மச்சான், சத்தம் மட்டும் போகுது, நாம போகலியே?" என்றான் தம்பி.

"புது டயரு. பழகணும்."

இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்து மிதித்தார். ஒரு கருகல் வாசம் வந்தது. அம்மா மூக்கைச் சுளித்து, "கோயில்ல யாரோ வடையக் கருக விடுறாங்க" என்றார்.

அந்த ஜீப்பில் மலை ஏறுவதற்கென்றே இன்னொரு குட்டி லீவர் உண்டு. அது பல வருடமாக வேலை செய்வதில்லை. என் வீட்டுக்காரர் அதில் குடையை மாட்டி வைத்திருப்பார்.

கொஞ்ச நேரத்தில் தொழிலாளர் லயத்திலிருந்து ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் தள்ளலாம் என்றார். ஒருவர் டயரில் காற்றைக் குறை என்றார். இன்னொருவர், போன கிழமை அந்த வளைவில் தேங்காய் உடைக்காமல் போன லொறிக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். தள்ளிப் பார்த்தார்கள். சக்கரம் சுழன்று, தள்ளியவர்கள் எல்லாரும் சேற்றில் குளித்தார்கள். தம்பி, "நான் நடந்து போயிடுறேன்" என்று வேட்டியைத் தூக்கினான். தாய்மாமா விடவில்லை. "மாப்பிள்ளை சேத்துக்காலோட வந்தா நாளைக்கு நம்மள மதிப்பாங்களா?" அம்மா தாலித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழவே தொடங்கிவிட்டார்.

எனக்கு வேறு கவலை. ஏற்கெனவே அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் அரை மனசுதான். பெண் ஹட்டனில் வாகன உதிரிப்பாகம் விற்கிற கடையில் வேலை பார்க்கிறவள். "நாள் முழுக்க ஆம்பளைங்களோட நட்டு போல்ட்டு பேசுற பொண்ணு" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். முகூர்த்தமும் தப்பினால் சகுனம் சரியில்லை என்று பிடித்துக்கொள்வாரே என்று பயந்தேன்.

அப்போது தம்பி போனை எடுத்தான். பெண்ணுக்குத்தான். தாய்மாமா பதறினார். "தாலி கட்டுறதுக்கு முன்னாடி பொண்ணுகிட்டப் பேசுறதாடா?"

தம்பி காதில் வாங்காமல் ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க நிக்கிறீங்க?" என்றாள் அவள். பின்னால் மேளச் சத்தம்.

"மூணாவது வளைவுல. ஏற மாட்டேங்குது."

"ஏதாவது கருகுற வாசம் வருதா?"

"அம்மா வடைன்னாங்க."

"வடை இல்ல, அது கிளட்ச். மொதல்ல மிதிக்கிறத நிப்பாட்டச் சொல்லுங்க. அண்ணன் டயர் மாத்தினாரா?"

"ம்."

"பெருசா?"

"ரொம்பப் பெருசு."

"டிபரன்சல் கியர்?"

என் வீட்டுக்காரர் தேயிலைச் செடியில் கொழுந்து எப்படி விட்டிருக்கிறது என்று கூர்ந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"சரி விடுங்க" என்றாள். "அந்த ஜீப்புல மொத கியரை விட ரிவர்ஸுக்குத்தான் இழுவை கூட. கீழ கொழுந்து மடுவத்துக்கிட்ட திருப்ப இடமிருக்கு. திருப்பி, ரிவர்ஸ்லயே மெதுவா ஏத்தச் சொல்லுங்க. அத்தையத் தவிர எல்லாரும் இறங்கிடுங்க." அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு பெண், "தலைய ஆட்டாதடி, பூ விழுது!" என்று கத்துவது கேட்டது.

"மாப்பிள்ளை இறங்கக் கூடாது" என்றார் தாய்மாமா, போனுக்குள்ளே.

"சரிங்க மாமா. அவரும் இருக்கட்டும். தட்டை எல்லாம் கையில எடுத்துக்குங்க."

கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகை வரை வண்டியை மெல்ல இறக்கித் திருப்பினோம். ரிவர்ஸ் கியரைப் போட்டதும் ஜீப்பு, கழுத்தில் கயிறு கட்டிப் பின்னால் இழுத்த மாடு மாதிரி, முனகிக்கொண்டே ஏற ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் நாங்கள் தட்டுகளோடு நடந்தோம். என் வீட்டுக்காரர் கழுத்தை முழுக்கத் திருப்பி ஓட்டினார். அந்தக் கழுத்து நேராக ஒரு கிழமை எடுத்தது.

கோயில் வாசலில் தப்பு அடிக்கிறவர்கள் பூப்போட்ட பொனட்டை எதிர்பார்த்து நின்றார்கள். வந்ததோ ஜீப்பின் பின்பக்கம். அடி கொஞ்சம் தடுமாறி, அப்புறம் இரண்டு மடங்கு வேகமாக எழுந்தது. ஆரத்தி எடுக்க நின்ற பெண்ணின் அத்தை, பதற்றத்தில், முதலில் எது வந்ததோ அதற்கே எடுத்துவிட்டார். ஜீப்புக்குப் பின்னால் தொங்கிய ஸ்பெயார் டயருக்கு மூன்று சுற்று! சுற்றி முடித்து, குங்குமத்தைத் தொட்டு டயரின் நடுவில் பொட்டும் வைத்துவிட்டார். உள்ளே உட்கார்ந்திருந்த தம்பி, "அத்தை, நான் இங்க இருக்கேன்" என்று தலையை நீட்டினான்.

முதலில் சிரித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் அம்மா. அழுது வீங்கிய கண்ணோடு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மணவறையில் பெண் எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். அவள் தோள் ஆடியதில் பூ விழுந்தேவிட்டது. தாலி நேரத்துக்கு ஏறியது.

மறுவீட்டு விருந்துக்குத் தம்பியும் அவளும் வந்தபோது என் வீட்டுக்காரர் அவளிடம் மெதுவாகப் போய், "எந்தக் கியர் போடலாம்?" என்று கேட்டார். பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு அவள் டயரை அளந்தாள்.

"பழசை விட ஆறுல ஒரு பங்கு பெருசா இருக்குண்ணே. அப்ப கியர் விகிதமும் அந்த அளவாவது கூடணும். உங்களுக்கு இருக்கது நாலு புள்ளி ஒண்ணு. நாலு புள்ளி எட்டு போட்டா முன்ன இருந்த மாதிரி ஆயிடும். அஞ்சு புள்ளி ஒண்ணு போட்டா இன்னும் நல்லா ஏறும், ஆனா வேகம் குறையும்."

"வேகம் குறையக் கூடாது" என்றார் இவர்.

"அண்ணே, கடைசியா எப்ப அறுபதைத் தாண்டினீங்க?"

இவர் விரலை மடக்கி எண்ணப் பார்த்து, விட்டுவிட்டார்.

"அப்ப அஞ்சு புள்ளி ஒண்ணு" என்று அவளே முடித்தாள். "சுமையோட மலை ஏறுற வண்டி. நுவரெலியாவுல பந்தயத்துக்கா போகப் போறீங்க?"

செலவைக் குறைக்கப் பின்னச்சுக்கு மட்டும் மாற்றலாமா என்று கேட்டதற்கு, "முன்னுக்கு ஒரு மாதிரி, பின்னுக்கு ஒரு மாதிரி இருந்தா நாலு சக்கரமும் ஓடுறப்ப ஒண்ணை ஒண்ணு இழுத்துச் சண்டை போடும். கியர் பெட்டியே உடைஞ்சிடும். ரெண்டுக்கும் ஒரே மாதிரி போடுங்க" என்றாள். இரண்டுக்கும் போட்டார். இப்போது அந்த ஏற்றத்தில் மூட்டைகளோடு சாவகாசமாக ஏறுகிறது ஜீப்பு.

கல்யாண வீடியோவை வீட்டில் அடிக்கடி போட்டுச் சிரிக்கிறோம். எனக்கு மட்டும் வீடியோவில் இல்லாத ஒரு காட்சிதான் ஞாபகம் வரும். பத்துப் பேர் பத்து யோசனை சொல்லிக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல், விஷயம் தெரிந்தவள் தனக்கு மனைவியாக வரப்போகிறவள்தான் என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டானே என் தம்பி, அந்த நிமிஷமே அவர்கள் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.