வால்வைக் கட்டிய கம்பி

அப்போது வைட்ஃபீல்டில் ஒரு பெரிய கம்பெனியின் கேன்டீனில் இட்லி வேக வைப்பது என் வேலை. பாய்லரிலிருந்து குழாயில் நீராவி வரும். ஆவி மிஞ்சினால் பாய்லரின் மேலிருக்கும் சேஃப்டி வால்வு தானாகத் திறந்து சீறும். சீறினால் ஆவி குறையும், இட்லி வேகாது, காலையில் சாப்பிட வருகிறவர்களிடம் திட்டு விழும். அதற்காக, பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் மேஸ்திரி அந்த வால்வையே கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். பாவி மனுஷன்! சீறல் நின்றது, பாய்லர் எப்போது வெடிக்குமோ என்று என் தூக்கம் போனது.

என் வீட்டுக்காரர் பாய்லர்களைச் சோதிக்கும் மாநில சர்க்கார் ஆபீசருக்கு ஜீப் ஓட்டினார். அவரிடம் சொன்னேன், அவர் ஆபீசரிடம் சொன்னார். மறுநாளே ஜீப் வந்துவிட்டது. இனிப் பயமில்லை என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் கேட்டைத் திறக்கவில்லை. அந்தக் காம்பவுண்டுக்குள் ரோடு, தண்ணீர், காவல் எல்லாம் கம்பெனியுடையது. இது டெல்லி அனுமதி கொடுத்த தனி மண்டலம், மாநில ஆபீசர் உள்ளே வர முடியாது என்றார்கள். கர்நாடக மண்ணில் கர்நாடகச் சட்டம்தான் என்றார் ஆபீசர். காலை முழுக்க வாக்குவாதம். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பாய்லர் உறுமும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். வெளியே தகவல் சொன்னது யார் என்று சூப்பர்வைசர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் மாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஜீப் திரும்பிப் போயிற்று.

பிறகு மாநில மந்திரி பேட்டி, கம்பெனி மறுப்பு என்று பேப்பரில் சண்டை நடந்தது. ஒருநாள் கேட் அகலத் திறந்தது. மந்திரி வந்தார், அவர் பின்னால் என் வீட்டுக்காரரின் ஆபீசரும் வந்தார். கம்பியை அறுக்கத்தான் வருகிறார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்கள் நேராக விருந்தினர் ஹாலுக்குப் போனார்கள். கூடுதலாக இட்லி கேட்டு ஆள் வந்தான். ஆவியை இன்னும் ஏற்றினார் மேஸ்திரி.

சாயங்காலம் வீட்டில் வெடித்தேன். உங்கள் ஆபீசர் பாய்லர் பக்கமே வரவில்லையே என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மந்திரியும் கம்பெனிக்காரங்களும் சமாதானம் ஆயிட்டாங்க. இனிமே கம்பெனி பாய்லர கம்பெனியே செக் பண்ணிக்குமாம்."

பிறகு, வேலையை விட்டுவிடு என்றார். என் சம்பளம் இல்லாமல் வாடகை கட்ட முடியாதென்று அவருக்கும் தெரியும்.

மறுநாள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், சாயங்காலம் நான் திரும்பி வராவிட்டால் காக்ஸ் டவுனில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு எந்த பஸ் பிடித்துப் போக வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.