டீயோடு போட்ட மாத்திரை

அந்தச் சட்டைக் கம்பெனியின் இஸ்திரிக் கூடத்தில் மேசைகள் இருபது. மூன்றாம் மேசைக்காரிக்குச் 'சூறாவளி' என்று பெயர் வைத்தவர் மேஸ்திரி. நிமிடத்துக்கு ஒரு சட்டை தேய்ப்பாள். காலரைக் கத்தி முனையாக நிறுத்துவாள். அவள் கைக்கு ஈடான கை அங்கே கிடையாது. பொய்யென்றால் மீதிப் பத்தொன்பது மேசையிலும் விசாரித்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் போனது மூன்றே வருஷம். கூட்டிப் பெருக்க வந்தவள், யார் தயவும் இல்லாமல் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தாள்.

இரண்டாம் பிள்ளை பிறந்தபோது ரத்தம் நிறையப் போயிற்று. ஆனாலும் ஆறாம் வாரமே வேலைக்கு வந்துவிட்டாள். வராவிட்டால் மேசை வேறொருத்திக்குப் போய்விடும். மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு முட்டியது. பெட்டி பாறையாய்க் கனத்தது.

"என்னம்மா சூறாவளி, கரையைக் கடந்துட்டியா?" என்றார் மேஸ்திரி.

"உங்களைத் தூக்கிட்டுப் போற அளவுக்குக் காத்து இன்னும் இருக்குண்ணே."

மருத்துவமனையில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை ஒருநாள்கூட அவள் விட்டதில்லை. வெறும் வயிற்றில் குமட்டியதால் வேலைக்கு எடுத்துவந்து போட்டாள்.

மூன்று மாதம் கழித்து நர்ஸ் ரத்தச் சீட்டைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ரத்த அளவு போன தடவையும் ஏழு, இப்பவும் ஏழு. மாத்திரையைக் குப்பைல போட்டியா?"

"பிள்ளைமேல சத்தியமா முழுங்கினேன்க்கா. தினம் பதினோரு மணிக்கு, டீயோட."

"டீயோடவா? டீ அந்தச் சத்தை உடம்புல சேரவே விடாதே! தண்ணில முழுங்கக் கூடாதா?"

கம்பெனியில் தண்ணீர்க் குழாய் கூடத்தின் கோடியில் இருந்தது. போக மேஸ்திரியிடம் கேட்கவேண்டும். அதற்குள் சட்டை குவியும், வசவு விழும். டீ மட்டும்தான் மேசைக்கே வரும்.

"எங்க முதலாளி மருமகளும் அதே வாரம்தான் பெத்தா. அவளுக்கு ஒரே மத்தியானத்துல இரும்புச் சத்து பாட்டில் ஏத்தி முடிச்சிட்டாங்களாம்," என்றாள் மெதுவாக.

"அந்த மருந்து இங்க இல்லம்மா. இங்க இருக்கறதை ஒருநாள் விட்டு ஒருநாள், அஞ்சு தடவை ஏத்தணும். தள்ளிப் போட்டா நெஞ்சு தாங்காது."

ஐந்து நாள் லீவு கேட்டாள்.

"போயிட்டு வாம்மா, யாரு வேணாங்கறா?" என்றார் மேஸ்திரி. "மேசை காத்துக்கிட்டிருக்கும்னு மட்டும் நினைக்காத."

அன்று சாயங்காலம் பிள்ளையைத் தூக்கியவளுக்குக் கண் இருட்டியது. மாமியார் பாய்ந்து பிள்ளையைப் பிடித்தாள்.

"மேசையாம் மேசை! நீ விழுந்துட்டா இதுங்களுக்கு யாருடி இருக்கா?"

"அந்த மேசைக்கு எட்டு வருஷம் உழைச்சேன் அத்தே."

"தெரியும்டி. ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறது யாரு? நான்தானே," என்றாள் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஐந்து முறையும் போய்ப் படுத்து ஏற்றிக்கொண்டாள். திரும்பியபோது மூன்றாம் மேசையில் வேறொருத்தி நின்றாள். சூறாவளிக்குப் பிசிர் நூல் வெட்டும் பலகை கிடைத்தது. கூலியும் குறைந்தது.

இரண்டு மாதத்தில் வெளிறியிருந்த உள்ளங்கை சிவந்தது. மூச்சு வாங்காமல் மாடி ஏறினாள்.

"நல்லாயிட்டியே, அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி?" என்றார் மேஸ்திரி.

"நல்லாயிட்டேன்ணே. அதான் கண்ணும் நல்லாத் தெரியுது, என் மேசைல வேற ஆளு நிக்கறது."

அவர் நகர்ந்தார். அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.