ருசி செத்த கிண்ணம்

சபைக் கிண்ணத்தில் ருசி செத்துவிட்டது, யாரோ பாவத்தை ஒளித்து வைத்திருப்பதுதான் காரணம் என்ற பேச்சு மார்ச் மாதச் சேற்றைப் போல கிர்கிஸ்தானிலுள்ள அந்த ஜெர்மன் கிறிஸ்தவர் ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டது. சந்தைக்கு வந்த கிர்கிஸ்காரர்கள்கூட, உங்கள் சாமி ஒயினில் தண்ணீர் ஊற்றிவிட்டாராமே என்று விசாரித்தார்கள்.

தோண்டிப் பார்த்தால் விஷயம் இன்னும் விசித்திரம். மாதம் ஒருமுறை, அப்பம் பிட்கும் ஞாயிறன்று, ஒரே கிண்ணம் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறும். குடிக்கிற நாற்பத்து மூன்று பேருக்கும் நவம்பரிலிருந்தே ருசி மாறியது தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை. தங்கள் பாவத்தால்தான் நாக்கு மரத்துப்போனது என்று ஆளாளுக்குத் தனித்தனியே நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பால்காரர் பென்னர், பாலில் சேர்த்த தண்ணீரை நினைத்துக்கொண்டார். பாடகர் குழுவை நடத்தும் எல்விரா, அடுத்த வீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்ததை நினைத்துக்கொண்டாள். ஒரு சாவு வீட்டில் இரண்டு பேர் தங்கள் நாக்கைப் பற்றி முணுமுணுத்ததும் பேச்சு வெளியே வந்தது.

நாக்கில் பழுதில்லை என்று அறிந்த ஒரே ஆள் யுஸ்தினா ரைமர். வயது அறுபத்தொன்று. அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஜெர்மனிக்குப் போனபோது, ஜெப வீட்டு அலமாரிச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்தவள். யோசித்து முடிப்பதற்குள் முப்பது வருஷம் போய்விட்டது. அப்பம் சுடுவது, வெள்ளைத் துணியைத் தேய்ப்பது, கிண்ணம் நிரப்புவது எல்லாம் அவள்தான். பொய் சொல்லத் தெரியாது. மணப்பெண்ணிடமே உடுப்பு பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த கல்யாணத்துக்கும் கூசாமல் போகிறவள்.

அக்டோபரில் டிராக்டர் ஓட்டும் தோலோகோன், மனைவி அனாராவுக்குத் தெரியாமல் அவளிடம் வந்தான். அந்த வருஷம்தான் ஞானஸ்நானம் எடுத்திருந்தான். குடியை விட்டு ஏழு மாதம் ஓடியிருந்தது.

"அந்த ஒரு வாய் போதும் அக்கா, உள்ள படுத்திருக்கிறது எழுந்து உக்காந்துக்குது. ஞாயித்துக்கிழமை நேரா கடைக்குப் போயிக் குடிச்சுட்டேன். இன்னொரு தடவை குடிச்சா பிள்ளைங்களோட போயிடுவேன்னு அனாரா சொல்லியிருக்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றாள். அவன் வேறெதுவும் கேட்கவில்லை. எல்விராவிடம் இரண்டு ஜாடி செர்ரி கைமாற்றாக வாங்கி, காய்ச்சி, துவர்ப்புக்குத் தேயிலைச் சாறு சேர்த்துக் கிண்ணத்தில் ஊற்றியது அவளாகச் செய்தது. சபையை நடத்தும் மூப்பரிடம் கேட்டால் யாருக்காக என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் கேட்காமல் செய்தாள்.

இப்போது மூப்பர் தீசன் அறிவித்துவிட்டார்: வரும் ஞாயிறு பாவத்தை அறிக்கையிடாமல் யாரும் கிண்ணத்தைத் தொடக்கூடாது.

அந்த வாரம் யுஸ்தினாவுக்கு எந்தப் பக்கமும் வழியில்லை. வாயைத் திறந்தால் தோலோகோன் வீடு உடையும். மூடிக்கொண்டால் சபை முழுக்க அவள் பொய்யைச் சுமக்கும். வெள்ளைத் துணியைத் தேய்க்கையில் ஓரம் கருகிவிட்டது. கருகிய பக்கத்தை உள்ளே மடித்தாள். இப்படித்தானே ஆரம்பிக்கிறது என்று பயந்து, மறுபடி வெளியே எடுத்துப் போட்டாள்.

ஞாயிறன்று முதலில் எழுந்தவர் பென்னர். பாலையும் தண்ணீரையும் சொல்லி அழுதார். ஆக, காரணம் இதுதான் என்று மூப்பர் தலையாட்டினார். சபையின் கண்களெல்லாம் அவர்மேல் ஏறின. பென்னர் செய்தது தப்புதான், ஆனால் கிண்ணத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? யுஸ்தினா எழுந்தாள்.

"பென்னர் அண்ணன் காரணமில்ல. அது ஒயினே இல்ல, செர்ரிச் சாறு. நான்தான் ஊத்தினேன்."

"எதுக்கும்மா?" என்றார் மூப்பர்.

"அதச் சொல்ல மாட்டேன், ஐயா."

"தெரியலயா, சொல்ல மாட்டியா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. யார் எழுகிறார்கள் என்று திரும்பாமலே அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் அனாரா உட்கார்ந்திருப்பதும் தெரியும். அவன் வாயைத் திறக்கக்கூடாது.

"தண்டனை குடுங்க ஐயா," என்றாள் குரலை உயர்த்தி. "சீக்கிரம் குடுங்க."

பெஞ்சு மறுபடி கிறீச்சிட்டு அடங்கியது.

ஈஸ்டர் கழிந்து ஐம்பதாம் நாள் வரும் பெந்தெகொஸ்தே பண்டிகை வரை அவளுக்குக் கிண்ணம் கிடையாது என்று தீர்ப்பானது. சாவி எல்விராவிடம் போனது. தன் வீட்டுச் செர்ரியைத்தான் ஐந்து மாதம் பயபக்தியோடு குடித்தோம் என்பது எல்விராவுக்கு ஆறவேயில்லை.

ஏப்ரலில் அவள் அசல் ஒயினைத் தாராளமாகவே ஊற்றினாள். கடைசிப் பெஞ்சிலிருந்த யுஸ்தினா, கிண்ணம் தோலோகோன் கைக்கு வருவதைப் பார்த்தாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தான். மூக்கு விடைத்தது. யுஸ்தினாவுக்கு ஜெபத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. பிறகு அவன் உதடு படாமல் அடுத்தவரிடம் நீட்டினான். அனாரா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். எல்விராவும் பார்த்தாள்.

மறுநாள் காலையில் எல்விரா, யுஸ்தினாவின் வாசற்கதவில் நின்றாள்.

"அந்த ரெண்டு ஜாடிய நீ திருப்பித் தர வேணாம். ஒரு பேரு சொல்லு, கணக்கு தீர்ந்துச்சு. 'தோ'ன்னு ஆரம்பிக்குதா?"

"செர்ரி பழுக்கட்டும். ஜாடியாவே தந்துடறேன்."

போன வாரத்து உறைபனியில் ஊரிலிருந்த செர்ரிப் பூவெல்லாம் கருகியிருந்தது, இந்த வருஷம் பழமே கிடையாது. அது எல்விராவுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு தெருவில் எந்தக் கதவு திறந்தாலும், எல்விரா அனாராவிடம் போய்விட்டாளோ என்று யுஸ்தினாவுக்குத் திக்கென்கிறது. இரண்டு ஜாடியும் இன்னும் பாக்கி.