எதிர் ஜன்னலின் தொலைநோக்கி

எண்பதுகளில், பாரிசுக்கு வந்த புதிது. லா சப்பல் பகுதியில் இருந்த என் அறையின் ஜன்னலைத் திறந்தேன். எதிர் ஜன்னலிலிருந்து, துப்பாக்கியில் பூட்டும் தொலைநோக்கி ஒன்று என்னைப் பார்த்தது. யாழ்ப்பாணத்தில் அதற்குக் கீழே எப்போதும் துப்பாக்கி இருக்கும். கைகள் தாமாக மேலே போயின.

"சுடாதேங்கோ, நான் பெடியன் இல்லை," என்றேன். பெடியன் என்றால் பையன்; ஆயுதம் ஏந்திய இயக்கக்காரரையும் எங்கள் ஊரில் பெடியள் என்றுதான் சொல்வோம்.

தொலைநோக்கியை இறக்கியவர் தலை நரைத்த புதுச்சேரிக்காரர். "பையன் இல்லன்னு தெரியுதே, மீசை இருக்கே," என்றார் குழப்பத்துடன். "தூரத்துக் குறி சுடுற கிளப்புக்கு மலிவா வாங்கினது. உங்க கட்டடத்துக் கூரைப் புகைபோக்கி தெளிவா தெரியுதான்னு பார்த்தேன். துப்பாக்கி இங்க இல்ல, தம்பி."

என் கைகள் இறங்கவில்லை. அதைக் கண்டு அவரும் இரண்டு கைகளையும் உயர்த்தினார். வெறுங்கைகள். அதன்பிறகே என் கைகள் இறங்கின.

பயந்தவரிடம் இன்றும் நான் "பயப்படாதேங்கோ" என்று சொல்வதில்லை. முதலில் என் கைகளைக் காட்டுவேன்.