நாற்பத்தேழுக்கும் அவளே பதில் சொன்னாள்

பொன்மலர் போய்விட்ட செய்தி பன்னிரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு வந்தது. அவள் தங்கை கிருபா தனக்குத் தெரிந்த என் பழைய முகவரிக்கு, டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸுக்கு, இன்லண்ட் கடிதம் போட்டிருந்தாள். அப்பா ரிட்டையராகி அந்த வீட்டைக் காலி செய்து இரண்டு வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டுத் தங்கம் மாமி அதை வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, என்றைக்காவது என்னைப் பார்க்காமலா போவோம் என்று இருந்திருக்கிறார். கரோல் பாக்கில் காய்கறிக் கடை வாசலில் பிடித்துவிட்டார்.

"கொழந்தே, நல்ல வேளை ஆப்ட்டே! ஒனக்கு ஒரு லெட்டர், பையிலேயே வெச்சிண்டு அலையறேன். யாருக்கோ கல்யாணமோ என்னமோ."

நின்றபடியே பிரித்தேன். மஞ்சள் காமாலை. பத்தே நாள். ஜபல்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை, ஜெனி. என் இடுப்பிலிருந்த பையன் கடைக்காரரின் தக்காளியை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தான். பிடுங்கக்கூடத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும், வெட்கத்தோடு சொல்கிறேன், பொன்மலருக்காக அழுவதற்கு முன் அவனை ஜன்னலடிக்குத் தூக்கிப்போய்க் இமையை இழுத்துக் கண்ணின் வெள்ளையைப் பார்த்தேன். அன்றிலிருந்து தண்ணீரை இரண்டு முறை காய்ச்சுகிறேன். அவன் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்க்கிறேன். பிள்ளை பெற்றவர்களுக்கு இது புரியும்.

கல்லூரியில் கூடப் படித்தவர்களெல்லாம் பொன்மலரைப் பற்றி நாலு வரி எழுதித் தர வேண்டும், ஒரு நோட்டில் ஒட்டி ஜெனி பெரியவளானதும் கொடுக்கப் போகிறோம் என்று கிருபா கேட்டிருந்தாள். தோழிகளே, உங்களில் பலர் உடனே எழுதிவிட்டீர்கள். எனக்கு மாதிரிக்கு இருக்கட்டும் என்று அவற்றை நகலெடுத்தும் அனுப்பினாள். எல்லாம் அன்பாகவே இருந்தன. ஒன்றில் மட்டும் ஒரு வரி: "கடைசி வருடத்தில் வருகைப் பதிவு விஷயத்தில் அவள் ஒரு தவறு செய்தாள்தான், ஆனால் தவறு செய்யாதவர் யார்?"

எழுதியவளைக் குறை சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் ஜெனி அந்த வரியைப் படிப்பாள். அதனால்தான், எல்லாரும் எழுதி முடித்த பிறகு, பையன் மத்தியானம் தூங்கும் நேரத்தில் நாலு நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பொன்மலரை உங்களுக்கு விடுதிப் பெண்ணாகத் தெரியும். எனக்கு அவள் ஞாயிற்றுக்கிழமைப் பெண். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ உபதேசியாரின் மகள். சபை உதவியில் டெல்லிக்குப் படிக்க வந்தவள். காலையில் கோயில் ஆராதனை முடிந்ததும் (சர்ச் என்று அவள் சொல்லவே மாட்டாள், கோயில்தான்) பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவாள். கண்டக்டரிடம் அவள் பேசும் இந்தி பிரசித்தம். "பையா, கோல் மார்க்கெட் வந்தா சொல்லுவேரா? ஜல்தி எறங்கணும்." அவரும் தலையாட்டுவார், சரியான இடத்தில் இறக்கியும் விடுவார். எங்கள் வீட்டில் திருச்சிச் சமையல். "போதுமாம்மா?" என்று அம்மா கரண்டியோடு நிற்பார். "போதும்னு சொன்னா பொய்யாயிரும்மா, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்பாள். பொய் சொல்வதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதைச் சீண்டுவது எனக்குப் பொழுதுபோக்கு.

கடைசி வருடம் ஜனவரியில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் பத்து நாள், அப்புறம் வீட்டில் ஒரு மாதம் அசையக்கூடாது என்றார்கள். சமையல், அம்மாவைக் குளிப்பாட்டுவது எல்லாம் என் தலையில். கல்லூரிக்குப் போக வழியே இல்லை. வருகை குறைந்தால் பரீட்சைக்கு அனுமதி கிடையாது. அந்த வருடம் போனால் எனக்கு மறு வருடமும் கிடையாது. அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "இந்த வருஷம் எழுதி முடிச்சா சரி. இல்லேன்னா பிலாய்ப் பையன் வீட்டுக்குச் சம்மதம் சொல்லிடறேன். திரும்பவும் ஒரு வருஷமெல்லாம் முடியாதும்மா."

ஆஸ்பத்திரி வராந்தாவில் பொன்மலரிடம் இதைச் சொல்லி அழுதேன். பிறகு கேட்டேன். நான்தான் கேட்டேன். "எனக்கு ப்ராக்ஸி குடுத்துடறியா? என் நம்பர் நாப்பத்தேழு கூப்பிட்டா நீயே பிரசன்ட் சொல்லிடு."

அவள் யோசிக்கவே இல்லை. "சரிட்டி."

"பொய்யாச்சே?"

"ஆமா, பொய்தான். அதுக்கு என்ன செய்ய? அழாத, மூக்கு செவந்து கெடக்கு. ஒன் கொரல் கொசு கொரல்தானே, அத நான் பேசிருவேன்."

பேசினாள். வகுப்பில் எண்பது பேர். பதிவேட்டிலிருந்து தலை நிமிராமல் எண்களைக் கூப்பிடும் ஆசிரியை. நாற்பத்தேழுக்கு மெல்லிய குரலில் ஒரு "யெஸ் மிஸ்". ஐம்பத்தெட்டுக்குத் தன் சொந்தத் திருநெல்வேலிக் குரலில் இன்னொன்று. ஐந்து வாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நடித்துக் காட்டுவாள். வயிற்றில் தையல் போட்ட அம்மா, "சிரிக்க வைக்காதேம்மா, வலிக்குது" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

மார்ச்சில் நான் திரும்பிப் போன மூன்றாம் நாள் பிரின்சிபால் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு பதிவேடுகள் திறந்திருந்தன. ஒன்று வகுப்பினுடையது. மற்றது கல்லூரி ஜெபக்கூடமான சாப்பலுடையது. உங்களுக்கு நினைவிருக்கும்: தினமும் வகுப்புக்கு முன் எல்லா மதத்துப் பெண்களும் சாப்பலில் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும், வரிசைக்கு ஒருத்தி வருகை குறிக்க வேண்டும். எங்கள் வரிசைக்குப் பொன்மலர். அந்த வருகை பரீட்சைக்குக் கணக்கில்லை. ஒரு நாளும் தவறாதவர்களுக்கு ஆண்டுக் கடைசியில் ஒரு புத்தகம் தருவார்கள், அவ்வளவுதான். அந்தப் பரிசுக்காக ஆபீஸ் கிளார்க் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஐந்து வாரமும் சாப்பலில் நான் இல்லை. அதற்கடுத்த நிமிடம் வகுப்பில் இருந்திருக்கிறேன். சாப்பலில் என் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று ஒரு நாள் விடாமல் அழகாகக் குறித்திருந்தது பொன்மலரின் கை.

அங்கே பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன். ஐந்து வாரம் எங்கே போனாய் என்றதற்கு அம்மாவின் ஆபரேஷனைச் சொன்னேன். பிரின்சிபால் என்னைப் பார்த்துக் கேட்டார், "மீனாட்சி, உனக்காக இவள் பதில் சொன்னது உனக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாது மிஸ். அவள் கேட்கவில்லை. நானாகச் செய்தேன்" என்றாள் பொன்மலர்.

"நான் மீனாட்சியைக் கேட்டேன்."

பொன்மலர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்பாவின் முகம் வந்தது, பிலாய் வந்தது. "தெரியாது மிஸ்" என்றேன்.

பிரின்சிபால் இரண்டு பதிவேடுகளையும் மூடினார். பிறகு சொன்னார்: "உன் தாய்க்கு ஆபரேஷன் என்று ஒரு கடிதம் கொடுத்திருந்தால் பல்கலைக்கழகத்துக்கு நானே சிபாரிசு செய்திருப்பேனே. என்னிடம் வர வேண்டும் என்று உங்கள் இருவருக்குமே தோன்றவில்லையா?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. என் அப்பா முப்பது வருடம் சர்க்கார் கிளார்க். மேலதிகாரியின் அறைக்குள் கூப்பிடாமல் போவது எங்கள் வீட்டில் நினைத்துப் பார்க்காத காரியம். பொன்மலர் வீட்டில் பேராயர் எப்படியோ, எங்கள் வீட்டில் அண்டர் செக்ரட்டரி அப்படி. கதவைத் தட்டினால் தீர்ந்திருக்கும் விஷயத்துக்கு ஐந்து வாரம் பொய் சொல்ல வைத்தேன்.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்பதால் எனக்குச் சிபாரிசுக் கடிதம் கிடைத்தது. அவளுக்கு, ஆண்டுக் கடைசி மெழுகுவர்த்தி ஆராதனையில் வேதம் வாசிப்பதற்கு இருந்த இடம் போயிற்று.

வெளியே வந்ததும் வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "சாப்பல்லயும் பிரசன்ட் போட்டிருக்கலாமேடி! யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "கோயிலுக்குள்ள வச்சு எப்படிட்டி பொய் எழுத? கிளாஸ்னா வேற."

"என்னடி வேற?"

"வேறதான். எனக்குச் சொல்லத் தெரியல." பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மாட்டிக்கிட்டேன் பாத்தியா, ஆண்டவரு பாதிப் பொய்ய ஒத்துக்கிட மாட்டாரு போல."

மெழுகுவர்த்தி ஆராதனை உங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளைப் புடவையில் வரிசையாக நின்று, அவரவர் வெளிச்சத்தை இரண்டாம் வருடப் பெண்ணுக்கு ஏற்றிக் கொடுத்தோம். வேதத்தை வேறொருத்தி வாசித்தாள். பொன்மலர் கடைசி வரிசையில் நின்றாள். எனக்குப் பின்னால் யாரோ, "சர்ச் வாலி ஹோகே பீ!" என்று கிசுகிசுத்தார்கள். சர்ச்சுக்காரியாக இருந்தும் இப்படியா என்று. நான் திரும்பவில்லை. என் கையில் மெழுகு சொட்டியது, அதையும் துடைக்கவில்லை.

புல்வெளியில் டீ கொடுத்தார்கள். நான் ஓரமாக நின்றதைப் பார்த்து அவளே வந்தாள். "மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டுருக்க? நான் வாசிச்சிருந்தா எங்கியாவது இங்கிலீசு ஒளறி இருப்பேன். தப்பிச்சாவ எல்லாரும்."

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன் பொன்மலர்."

சிரிப்பு நின்றது. "இப்ப சொன்னா ரெண்டு பேருக்கும் போச்சு. ஒன் பரிட்சைய எழுது மொதல்ல. ரிசல்ட் வரட்டும், பெறவு சொல்லு."

பெறவு சொல்லு என்றாள். சொல்ல வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை நான் மறைக்கக் கூடாது.

ரிசல்ட் வந்தது. இரண்டாம் வகுப்பில் தேறினேன். பிறகு ஒரு ஆபீஸில் வேலை, பிறகு கல்யாணம் (பிலாய் இல்லை), பிறகு பையன். நான் சொல்லவில்லை. அவளுடைய நடத்தைச் சான்றிதழில் எல்லாருக்கும் 'நன்று' என்றிருந்த இடத்தில் 'திருப்தி' என்று போட்டிருந்தார்கள். ஊர்ப்பக்கம் ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டு இடம் கிடைக்கவில்லை. அந்த ஒரு சொல்லால்தான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு மிஷன் பள்ளியில் பயிற்சி இல்லாத டீச்சராகச் சேர்ந்தாள். அங்கேயே கல்யாணம், அங்கேயே ஜெனி. வருடத்துக்கு மூன்று நான்கு கடிதம் போடுவாள். பள்ளிக்கூடத்துக் கிணறு, ஜெனியின் பல், "ஒன் பையன் இந்திலயா அழுதான், தமிழ்லயா?" இப்படித்தான் இருக்கும். சொன்னாயா என்று ஒரு கடிதத்திலும் கேட்டதில்லை. அவள் கேட்காததை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். வசதியாக இருந்தது.

போன வாரம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ எனக்குப் பயந்துதான் செஞ்சியா?"

"ஆமாம்பா."

வெகு நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு அவருக்குள்ளிருந்த கிளார்க் எழுந்துவிட்டார். "சரி, ஆனது ஆச்சு. எழுத்துல மட்டும் குடுக்காதேம்மா. டிகிரிய வாபஸ் வாங்கிட்டா? வாயால சொல்லு போதும்."

"வாயால யாருகிட்டப்பா சொல்றது? கேக்க வேண்டியவ போயிட்டா. படிக்க வேண்டியவளுக்கு நாலு வயசு."

அவர் அதற்குமேல் தடுக்கவில்லை. பிரின்சிபால் ஓய்வு பெற்றுக் கோட்டயத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, முகவரி விசாரித்து, அவருக்கும் இதன் பிரதி ஒன்றைத் தபாலில் சேர்க்கப் போகிறேன். அவர் என்ன நினைப்பார் என்று எண்ணும்போது பயமாக இருக்கிறது. இருக்கட்டும்.

தோழிகளே, பொன்மலரிடமிருந்து எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால், ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் சொன்ன அந்த 'சரிட்டி'யைச் சொல்வேன். அவள் பெருமையாக நினைத்திருந்த ஒன்றே ஒன்று, தான் பொய் சொல்லாதவள் என்பது. அதைத்தான் கேட்டேன். ஒரு நொடி கூடத் தயங்காமல் எடுத்துக் கொடுத்தாள். அதைப் போல யாருக்கும் நான் இன்னும் எதையும் கொடுத்ததில்லை.

ஜெனி, உன் அம்மா பொய் சொன்னது நிஜம். அதில் ஒன்றுகூடத் தனக்காக இல்லை. இதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் வா. என் முகவரி உன் சித்தியிடம் இருக்கிறது. எனக்குத் தெரியுமா என்று என்னை நேராகப் பார்த்துக் கேள். தெரியும் என்று சொல்கிறேன்.